ஹைட்ரோபிளேன்: தண்ணீரில் ஓடுகிற விமானமா?

சியாட்டிலில் வேலை பார்க்கும் அக்கா மகன் போன மாதம் ஒரு படம் அனுப்பியிருந்தான். பழைய கறுப்பு வெள்ளைப் படம். ஒரு பையன் சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றிக்கொண்டு சிரிக்கிறான். சைக்கிளின் பின்னால் ஒரு கயிறு, கயிற்றின் முனையில் பலகையில் வெட்டிச் சாயம் பூசிய பொம்மைப் படகு. அந்தப் பையன்தான் இன்று அவன் பக்கத்து வீட்டுத் தாத்தா. 1950களில் அந்த ஊர்ப் பிள்ளைகள் ஆளுக்கொரு மரப்படகைச் சைக்கிளில் கட்டித் தெருவெல்லாம் இழுத்துக்கொண்டு திரிந்தார்களாம். தார்ச்சாலையில் அது தடதடவென்று துள்ளிக்கொண்டு வருமாம். “இதுக்குப் பேரு ஹைட்ரோபிளேன், மாமா. தமிழ்ல என்ன? போன்ல தேடினா நீர் விமானம்னு வருது” என்று கேட்டிருந்தான்.

அப்படி வருவதில் வியப்பில்லை. பிளேன் என்றதும் நம் தலை தானாக வானத்தைப் பார்க்கும். ஆனால் இந்தச் சொல்லில் விமானம் இல்லை.

‘ஹைட்ரோ’ கிரேக்கத்திலிருந்து வந்தது, நீர் என்று பொருள். ஹைட்ரஜனிலும் ஹைட்ராலிக்கிலும் இருப்பது அதுதான். ‘பிளேன்’ என்பதன் வேர் ‘பிளானுஸ்’ என்ற லத்தீன் சொல். தட்டையானது, சமமானது என்று அர்த்தம். வடிவியலில் ‘தளம்’ என்று படித்தோமே, அதற்கு ஆங்கிலத்தில் இதே பிளேன்தான். தச்சர் பலகையை மழமழப்பாக்கும் இழைப்புளிக்கும் அவர்கள் வைத்திருக்கும் பெயர் பிளேன்தான். ஆக, நீர்மேல் தட்டையாக ஓடும் அடிப்பரப்பு, அதைக்கொண்ட படகு. அவ்வளவுதான்.

குழப்பத்துக்கு நம் ஆட்களை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆங்கிலத்திலேயே 1910களில் தண்ணீரில் இறங்கும் விமானத்தையும் ஹைட்ரோபிளேன் என்றார்கள். நீர்மூழ்கிக் கப்பல் மேலும் கீழும் திரும்ப உதவும் துடுப்புபோன்ற தகடும் ஹைட்ரோபிளேன். மழையில் கார் டயர் சாலைப்பிடி இழந்து நீர்ப்படலத்தின் மேல் இழுத்துக்கொண்டு போவதும் ஹைட்ரோபிளேனிங். ஒரு சொல், நான்கு பொருள். நமக்கு வேண்டியது படகு.

சாதாரணப் படகு தன் எடைக்குச் சமமான தண்ணீரைத் தள்ளிவிட்டு அந்தக் குழியில் மிதக்கிறது. வேகம் கூடக் கூடத் தன் முன்னால் தானே எழுப்பும் அலையோடு அது மல்லுக்கட்ட வேண்டும். இன்ஜினை எவ்வளவு பெரிதாக்கினாலும் பாதி சக்தி அந்தச் சண்டையிலேயே போய்விடும். தண்ணீரைக் கிழிப்பதற்குப் பதில் அதன் மேலேறி ஓடினால் என்ன? 1872இல் சார்ல்ஸ் ராமஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் படிபோல் வெட்டிய அடிப்பகுதியோடு ஒரு வடிவத்தைப் பிரிட்டிஷ் கடற்படைக்கு எழுதி அனுப்பினார். கப்பல் பொறியாளர் வில்லியம் ஃப்ரூட் மாதிரி செய்து சோதித்தும் பார்த்தார். நீராவி இன்ஜினின் எடையைத் தூக்கிக்கொண்டு அது எழும்ப வழியில்லை. பெட்ரோல் இன்ஜின் வந்த பிறகுதான் பாதிரியாரின் யோசனைக்கு உயிர் வந்தது.

குளத்தில் ஓட்டாஞ்சில்லைச் சாய்த்து வீசினால் தத்தித் தத்திப் போகுமே, அதுதான் அடிப்படை. 1930களில் வந்த ‘மூன்று புள்ளி’ வடிவம் அதை ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவந்தது. அணியத்தின், அதாவது படகின் முன்பகுதியின், இரு பக்கமும் பனிச்சறுக்குக் கட்டைபோல இரண்டு பக்கமிதவைகள், பின்னால் அடிப்பகுதியில் ஓரிடம். வேகத்தில் இந்த மூன்று இடம் மட்டுமே தண்ணீரைத் தொடும்.

அதையும் ஒரு படி தாண்டியது சியாட்டிலில் பிறந்த ‘ஸ்லோ-மோ-ஷன் 4’. உரிமையாளர் ஸ்டான்லி சேயர்ஸ், வடிவமைத்தவர் டெட் ஜோன்ஸ், கட்டியவர் ஆங்கர் ஜென்சன். மூன்றாவது புள்ளியாகப் படகின் அடிப்பகுதிகூட வேண்டாம், படகை உந்தும் விசிறியே (புரொப்பெல்லர்) போதும் என்று விட்டார்கள். விசிறியில் பாதி தண்ணீருக்குள், பாதி வெளியே. 1950 ஜூன் 26 அன்று சியாட்டிலின் லேக் வாஷிங்டன் ஏரியில் அது மணிக்கு 160.32 மைல், அதாவது சுமார் 258 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியது. 1939இல் மால்கம் கேம்பல் வைத்த 141.74 மைல் சாதனை உடைந்தது. படகுக்குப் பெயரோ ‘மெதுவான ஓட்டம்’ என்பதன் கொச்சை! அந்தக் குசும்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

அதே கோடையில் அது டெட்ராய்ட்டுக்குப் போய், 1904 முதல் நடந்துவரும் படகுப் போட்டியின் தங்கக் கோப்பையையும் தூக்கிக்கொண்டு வந்தது. ஜெயித்தவர் ஊரில் அடுத்த போட்டி என்பது அன்றைய வழக்கம். 1951இல் கோப்பைப் போட்டி சியாட்டிலுக்கு வர, ஊரே ஏரிக்கரையில் கூடியது. சைக்கிளுக்குப் பின்னால் பலகைப் படகு கட்டும் பைத்தியம் பிடித்ததெல்லாம் இந்தக் காலத்தில்தான்.

கரையில் நின்றவர்கள் முதலில் சொல்வது சத்தத்தைப் பற்றி. உலகப்போர் முடிந்து மலிவாகக் கிடைத்த போர்விமான இன்ஜின்களைத்தான் பெரிய படகுகளில் வைத்தார்கள். மஸ்டாங் விமானத்தின் மெர்லின், பி-38இன் ஆலிசன், இரண்டுமே 12 சிலிண்டர், 27, 28 லிட்டர் கொள்ளளவு. ஐந்தாறு படகு ஒன்றாகத் திரும்பினால் காதில் மட்டுமல்ல, நெஞ்சுக்கூட்டிலும் கேட்கும் என்கிறார் தாத்தா. ‘இடிப்படகு’ என்ற செல்லப்பெயர் அதனால் வந்தது. அப்புறம் அந்த நீர்ச்சீறல். பாதி வெளியே நிற்கும் விசிறி தண்ணீரை வாரிப் பின்னால் வளைவாக எறியும். அதற்கு அவர்கள் வைத்த பெயரை அப்படியே பெயர்த்தாலே அழகான தமிழ்: சேவல் வால். இங்கே கலைச்சொல்லுக்கு அலைய வேண்டியதே இல்லை.

இந்தப் படகுகளின் பெயருக்கு முன்னால் ஒட்டும் ‘இன்போர்டு’ என்ற அடைமொழிக்கும் நம் கடற்கரையில் விடை இருக்கிறது. பைபர் படகில் இன்ஜின் பின்பக்கம் வெளியே தொங்கும். விசைப்படகில் வயிற்றுக்குள் இருக்கும். முன்னது அவுட்போர்டு, பின்னது இன்போர்டு. எழுத்தில் உள்பொறி, வெளிப்பொறி என்று வைத்துக்கொள்ளலாம். எல்லா உள்பொறிப் படகும் விமான இன்ஜின் அசுரர்கள் அல்ல. 48, 135, 225, 266 என்று இன்ஜின் கொள்ளளவைக் கன அங்குலத்தில் சொல்லிப் பிரித்த சின்னப் பிரிவுகள் அந்த நாளில் ஏராளம். பெரியவற்றுக்குத்தான் ‘வரம்பற்ற’ பிரிவு.

சரி, நீர் விமானம் என்பது முழுத் தவறா? அகராதிப்படி தவறுதான். ஆனால் அந்தப் படகுக்கே எப்போதும் பறக்கும் ஆசை உண்டு. இரண்டு பக்கமிதவைகளுக்கு நடுவே நுழையும் காற்று படகைத் தூக்குகிறது. கொஞ்சம் தூக்கினால் வேகம். அளவு மீறினால் அணியம் மேலெழும்பி, படகு அந்தரத்தில் பின்பக்கமாகக் கவிழும். 62 வெற்றிகளும் எட்டுத் தங்கக் கோப்பைகளும் கண்ட ஓட்டுநர் பில் மன்சி, 1981இல் மெக்சிகோவின் அகபுல்கோவில் அப்படித்தான் இறந்தார். அதற்கு முன் 1966 ஜூன் 19, தலைநகர் வாஷிங்டனில் போட்டோமாக் ஆற்றில் ஒரே நாளில் ரான் மஸன், ரெக்ஸ் மான்செஸ்டர், டான் வில்சன் மூவரும் போனார்கள். கறுப்பு ஞாயிறு என்றால் அந்த விளையாட்டில் இன்றும் அந்த நாள்தான். ஓட்டுநரை மூடி வைக்கும் கண்ணாடிக் கூண்டு 1986இல் வந்தபோது அதையும் எஃப்-16 போர்விமானத்திலிருந்துதான் எடுத்தார்கள். பழைய இன்ஜின்களின் இடத்தில் சினூக் ஹெலிகாப்டரின் டர்பைன் வந்து உட்கார்ந்தது. இடி போய் விசில் வந்தது என்று தாத்தாவுக்கு இன்னும் மனத்தாங்கல்.

இனி தமிழ்ச் சொல். வழுக்குவது நம்மை மீறி நடப்பது. பாசியில் வழுக்கி விழுகிறோம். சறுக்குவது தெரிந்தே செய்வது. சறுக்குமரத்தில் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். எனவே டயர் விஷயத்துக்கு ‘நீர்வழுக்கல்’ சரி, படகுக்கு ‘சறுக்குப் படகு’ சரி. ‘நீர்ச்சறுக்கு’ என்பது ஏற்கனவே படகின் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போகும் விளையாட்டுக்குப் பெயராகிவிட்டது. முன்னால் ‘நீர்’ போடாமல் இருப்பதே நல்லது, படகு என்றாலே நீர்தானே. தண்ணீரில் இறங்கும் விமானத்துக்குக் ‘கடல் விமானம்’ இருக்கிறது.

என் முதல் விருப்பம், சொல்லப்போனால், ‘தத்துப் படகு’. ஓட்டாஞ்சில்லின் துள்ளல் அதில் அப்படியே இருக்கிறது. ஆனால் தத்து என்றால் யாரும் தத்துப்பிள்ளையைத்தான் நினைப்பார்கள். அதனால் கைவிட்டேன்.

ஒரே ஒரு படகுக்கு மட்டும் அந்தப் பெயரைக் கொடுக்கலாம். இண்டியானாவில் ஓஹையோ ஆற்றங்கரையில் சுமார் 13,000 பேர் வாழ்ந்த மேடிசன் என்ற சிற்றூர், ‘மிஸ் மேடிசன்’ என்ற படகை ஊர்ச் சொத்தாக வைத்து ஓட்டியது. வேறொருவரிடம் வேறு பெயரில் ஓடி, ஊருக்குக் கைமாறிய பழைய படகு. பெரிய கம்பெனிகளின் பணத்தில் ஓடிய படகுகளோடு 1971 ஜூலை 4 அன்று, சொந்த ஊர் ஆற்றிலேயே, ஜிம் மெக்கார்மிக் அதை ஓட்டித் தங்கக் கோப்பையை வென்றார். இதை அக்கா மகனுக்கு எழுதினேன். தாத்தாவிடம் சொன்னானாம். அவர் இரண்டு முறை “தத்து, தத்து” என்று சொல்லிப் பார்த்துவிட்டு, தன் பொம்மைப் படகும் அண்ணனிடமிருந்து வந்ததுதான் என்றாராம்.