"பைத்தியம்னு சொல்லித் தப்பிச்சுட்டான்" என்பவர்களுக்கு

நான் மனநல மருத்துவர். போன வாரம் மருத்துவமனையில் வழக்கில் சிக்கியவர்கள் இருக்கும் வார்டுக்கு ரவுண்ட்ஸ் போனபோது ஒருவர் கேட்டார், "சார், இந்தத் தீபாவளிக்காவது வீட்டுக்குப் போவேனா?" அடிதடி வழக்கில் வந்தவர். மனச்சிதைவு நோய். நான்கு வருடமாக மாத்திரையில் நன்றாக இருக்கிறார், தையல் பிரிவில் கத்தரிக்கோலும் கையுமாக வேலை பார்க்கிறார். அன்று மாலையே உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஏதோ கொலைச் செய்தி. கீழே ஒருவர், "கீழ்ப்பாக்கத்துல சர்டிபிகேட் வாங்கிட்டா ஆறு மாசத்துல வெளியே!" இருபது பேர் சிரித்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி, பொறுமையாகவே சொல்கிறேன். நோய் இருந்தாலே விடுதலை என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. செய்த அந்த நேரத்தில், தான் செய்வது என்ன என்றோ, அது தவறு என்றோ தெரியாத நிலையில் இருந்தார் என்று நிரூபிக்க வேண்டும் (பழைய ஐபிசி 84, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 22). நிரூபித்தாலும் வாசல் திறந்துவிடாது. பாதுகாப்பான இடத்தில் வைக்க உத்தரவாகும், இல்லையென்றால் உறவினரோ நண்பரோ ஜாமீன் பொறுப்பேற்றுக் கூட்டிப் போக வேண்டும். எத்தனை வருடம் என்று அந்த உத்தரவில் இருக்காது. தண்டனைக் கைதிக்குத் தேதி உண்டு, நன்னடத்தைக்கு நாள் கழியும். இவருக்கு எதைக் கழிப்பது?

நடிக்கலாமே என்பீர்கள். பகலில் டாக்டர் முன்னால் நடிக்கலாம், ராத்திரி மூன்று மணிக்கு நர்ஸ் எழுதும் குறிப்பை யாரும் ஏமாற்ற முடியாது, அதனால்தான் நாங்கள் அதை முதலில் படிக்கிறோம்.

அப்புறம் எதுதான் ஒருவரை வருடக்கணக்கில் உள்ளே வைக்கிறது? பாதி நேரம் அதற்குக் காரணம் நோயே இல்லை. மனம் தேறிவிட்டார், விசாரணைக்குத் தகுதி என்று நாங்கள் எழுதிய கடிதம் நீதிமன்றக் கோப்புக் கட்டுக்குள் எங்கோ கிடக்கும். வாய்தா அன்று யாராவது பெரிய மனிதர் ஊருக்கு வந்தால் எஸ்கார்ட் போலீஸ் எல்லாம் அந்தப் பக்கம், இவருக்கு அடுத்த வாய்தா. எங்களையும் சொல்ல வேண்டும்: கொலை வழக்கு என்றால் கையெழுத்துப் போடும் முன் பேனா தயங்குகிறது, நாளைக்கு ஏதாவது நடந்தால் யார் பதில் சொல்வது என்று. எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம் வீடு. அடிபட்டதோ இறந்ததோ பெரும்பாலும் வீட்டு ஆள்தான், பிறகு யார் வந்து கையெழுத்துப் போடுவார்?

அசாமின் மச்சாங் லாலுங்கைத் தேடிப் படியுங்கள். 1951-ல் கைது, தேஸ்பூர் மனநல மருத்துவமனை. 1967-லேயே குணமாகிவிட்டார் என்று மருத்துவமனை எழுதிவிட்டது. வெளியே வந்தது 2005-ல், 1 ரூபாய் ஜாமீன் பத்திரத்தில். விசாரணையே நடக்காமல் 54 வருடம். இதுதான் நீங்கள் சொல்லும் தப்பித்தல்.

வீட்டில் நோயாளி இருப்பவர்களுக்கு: நன்றாக ஆகிவிட்டாரே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், என்னிடம் வரும் வழக்குகளில் பாதிக்குமேல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பழைய மருந்துச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். கைதானால் முதல் நாளே வக்கீலிடம் நோயைச் சொல்லுங்கள், மானம் போய்விடும் என்று மூடி வைத்துவிட்டு மூன்றாவது வருடம் வந்து அழாதீர்கள். வக்கீல் வைக்க வசதியில்லையா, 15100-க்குக் கூப்பிட்டால் இலவச சட்ட உதவிக்கு வழி சொல்வார்கள். நோய் முற்றும் முன்பே பேச வேண்டுமென்றால் அரசின் இலவச மனநல உதவி எண் டெலி மனஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.

குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காக மட்டும் யாரையும் மனநல மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது என்று 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் 19-வது பிரிவில் சொல்கிறது. நல்ல பிரிவு. ஆனால் கேஸ் இருப்பவர் என்றதும் மறுவாழ்வு இல்லங்கள் கதவைச் சாத்திக்கொள்கின்றன.

தையல்காரரின் அண்ணனுக்குப் போன் போட்டேன். "அவன் செத்துட்டான்னு ஊர்ல சொல்லித்தான் சார் பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணேன்" என்றார். அவரைத் திட்ட வாய் வரவில்லை. அதன் பிறகு என் நம்பரைப் பார்த்தால் எடுப்பதில்லை. அண்ணே, இதைப் படித்தால் ஒரே ஒரு தடவை எடுங்கள். கூட்டிக்கொண்டு போகச் சொல்ல மாட்டேன், அவர் உங்களோடு பேச வேண்டும் என்கிறார்.