விதை நெல்லைப் பகிர்வது குற்றமா? பிரிவு 39 பற்றி உழவர் அறிய வேண்டியவை

விதைத் திருவிழாக்கள் நடக்கும் கோடை மாதங்களில் என்னைத் தேடி வரும் உழவர்களில் பலர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “என் வயலில் விளைந்த விதை நெல்லைப் பக்கத்து ஊர்க்காரருக்குக் கொடுத்தால் கம்பெனிக்காரர்கள் வழக்குப் போட முடியுமா, ஐயா?” வேளாண் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞன் என்ற முறையில் நான் சொல்லும் பதில், இந்தியச் சட்டப்படி அது உங்கள் உரிமை என்பதே. ஆனால் அந்த உரிமைக்கு ஓர் எல்லை உண்டு. அந்த உரிமை எங்கிருந்து வந்தது என்று தெரியாதவர்கள் எல்லையையும் தெரியாமல் தாண்டிவிடுகிறார்கள்.

1995 ஜனவரி 1 அன்று உலக வர்த்தக அமைப்பு தொடங்கியபோது, அதன் உறுப்பு நாடு என்ற வகையில் இந்தியா டிரிப்ஸ் எனப்படும் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தத்துக்கும் கட்டுப்பட்டது. அந்த ஒப்பந்தத்தின் 27.3(ஆ) பிரிவு, பயிர் ரகங்களுக்குக் காப்புரிமை மூலமாகவோ, பயனுள்ள தனிச் சட்டம் ஒன்றின் மூலமாகவோ, இரண்டையும் சேர்த்தோ பாதுகாப்பு அளிக்க வேண்டும் என்கிறது. தனிச் சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்பதை அது வரையறுக்கவில்லை. அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைத்த வாய்ப்பு. புதிய பயிர் ரகங்களை உருவாக்குவோரின் உரிமைக்கான யூபோவ் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் 1991ஆம் ஆண்டு வடிவத்தை அப்படியே ஏற்றுக்கொண்ட நாடுகள் பல. அந்த வடிவத்தில், பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையை உழவர் தன் சொந்த நிலத்தில் மறுபடி விதைப்பதற்குக்கூட, அந்தந்த நாடு விரும்பினால் மட்டுமே, அதுவும் வரம்புக்கு உட்பட்டே அனுமதி உண்டு. அண்டை வயலுக்குக் கொடுப்பதற்கு அந்த விலக்கில் இடமில்லை.

இந்தியா அந்த வழியில் போகவில்லை. 2001இல் நாடாளுமன்றம் இயற்றிய பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின் பிரிவு 39(1)(iv), பாதுகாக்கப்பட்ட ரகமே ஆனாலும் அதன் விதையைச் சேமிக்க, விதைக்க, மறுபடி விதைக்க, மாற்றிக்கொள்ள, பகிர, விற்க உழவருக்கு உரிமை உண்டு என்று சொல்கிறது. விதைகளுக்கும் பயிர் ரகங்களுக்கும் காப்புரிமை தரக்கூடாது என்று நம் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(j) தனியாகத் தடுக்கிறது. திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய விழாக்களில் இரண்டு கிலோ மரபு நெல்லைப் பெற்றுக்கொண்டவர் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்ற வழக்கம் இருந்தது. மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் இன்று பல வயல்களில் மீண்டும் விளைவதற்கு இத்தகைய கைமாற்றங்களே காரணம். அந்தக் கைமாற்றம் குற்றமாகக் கருதப்படாத நாட்டில் நாம் இருப்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

உரிமை ஏட்டில் இருப்பதாலேயே வழக்கு வராது என்று எண்ணிவிடக் கூடாது. 2019இல் குஜராத்தின் சாபர்காண்டா பகுதி உருளைக்கிழங்கு உழவர்கள்மீது, எஃப்எல் 2027 என்ற தனது பதிவு ரகத்தை அனுமதியின்றிப் பயிரிட்டதாகப் பெப்சிகோ நிறுவனம் வழக்குத் தொடர்ந்து, ஆளுக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு கேட்டது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்ததும் மே மாதம் வழக்குகளைத் திரும்பப் பெற்றது. அந்த ரகத்தின் பதிவை 2021 டிசம்பரில், இச்சட்டப்படி ரகங்களைப் பதிவு செய்யும் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமை ஆணையம் ரத்து செய்தது. 2024 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு அந்த ரத்தை விலக்கியது. பதிவை ரத்து செய்வது குறித்துப் பின்னர் நடந்த இந்த வழக்கு பெரும்பாலும் பதிவு விண்ணப்பத்தில் இருந்த குறைகளைப் பற்றியது. பிரிவு 39 இன்றும் அப்படியே நடைமுறையில் இருக்கிறது. ஆனாலும் சில ஏக்கர் வைத்திருக்கும் ஒரு குடும்பம் ஒரு கோடி ரூபாய்க்கான அழைப்பாணையைக் கையில் வாங்கிய நாளின் அச்சத்தை எந்தத் தீர்ப்பும் ஈடு செய்யாது.

இப்போது எல்லைக்கு வருகிறேன். பதிவு பெற்ற ரகத்தின் பெயரைக் குறிப்பிட்டு, பையில் அடைத்து, சீட்டு ஒட்டி விற்றால் அது முத்திரையிட்ட விதையாகிவிடும். அதை விற்கும் உரிமை உழவருக்குக் கிடையாது. நல்லெண்ணத்தோடு அச்சடித்த பை ஒன்றே வழக்குக்குக் காரணமாகிவிடக்கூடும் என்பதால், விற்பதாக இருந்தால் சீட்டு இல்லாத சாதாரணச் சாக்கிலேயே விற்கும்படி சொல்கிறேன். வீரிய ஒட்டு ரகங்களின் விதையைச் சேமித்தால் அடுத்த போகத்தில் பயிர் ஒரே சீராக வராது என்பது தனிச் சிக்கல்; அதற்குச் சட்டத்தில் தீர்வு இல்லை.

இன்னொரு செய்தியையும் கவனிக்க வேண்டும். பசிபிக் வட்டார நாடுகளின் சிபிடிபிபி போன்ற வணிக ஒப்பந்தங்கள், யூபோவ் 1991இல் இணைவதைப் பொதுவாக உறுப்பு நாடுகளின் கடமையாக்குகின்றன. டிரிப்ஸ் விட்டுவைத்த இடைவெளி இத்தகைய ஒப்பந்தங்களின் வழியாக அடைபடலாம். ஆகவே எந்த நாட்டோடு பேச்சுவார்த்தை நடந்தாலும், அதன் அறிவுசார் சொத்துரிமை அத்தியாயத்தில் விதை பற்றி என்ன இருக்கிறது என்று உழவர் சங்கங்கள் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

உங்கள் ஊரில் தலைமுறையாகப் பயிரிடப்படும் ரகம் இருந்தால், அதை உழவர் ரகமாகப் புது டெல்லியில் உள்ள ஆணையத்திடம் நீங்களே, அல்லது ஊர்ச் சமூகமாகச் சேர்ந்து பதிவு செய்யலாம். பிரிவு 44இன்படி உழவருக்கு எந்தக் கட்டணமும் இல்லை. விதைத்த நாள், கதிரின் நிறம், பயிரின் வயது (அறுவடைக்கு ஆகும் நாட்கள்) ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஆண்டுதோறும் எழுதி வைத்திருப்பவர்களின் விண்ணப்பத்தைத் தயாரிப்பது எளிது.

நிறுவனத்திடமிருந்து அறிவிப்பு வந்தால், எவ்வளவு சாந்தமாகப் பேசினாலும் சமரசப் பத்திரம் எதிலும் கையெழுத்திடாதீர்கள். குஜராத்திலும் வழக்கை முடித்துக்கொள்ள, இனி அந்த நிறுவனத்திடமே விதை வாங்கி அதனிடமே விளைச்சலை விற்கும் ஒப்பந்தம் ஒன்று முன்வைக்கப்பட்டது. ஒரு ரகத்தின்மீது இந்தச் சட்டப்படி உரிமை இருப்பதை அறியாமல் செய்த மீறலுக்கு உழவரைப் பொறுப்பாக்க முடியாது என்று பிரிவு 42 சொல்கிறது. அறிவிப்பு வந்த உறையைக்கூடத் தூக்கி எறியாமல், கிடைத்த தேதியைக் குறித்துக்கொண்டு, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கோ நீங்கள் நம்பும் வழக்கறிஞருக்கோ எடுத்துச் செல்லுங்கள்.