கேட்கிறது, பேச முடியவில்லை: படகு வி.எச்.எப். செற்றில் பழுது எங்கே?

வாழைச்சேனையிலோ ஒலுவிலிலோ கட்டியிருக்கும் படகில் வி.எச்.எப். செற், அதாவது கடலில் பேசப் பயன்படும் வானொலிக் கருவி, தெளிவாகக் கேட்கும். மைக் பொத்தானை அழுத்தியதும் திரை அணைந்துவிடும். இதற்காகச் செற்றைக் கழற்றிக் கொழும்புக்கு அனுப்ப அவசரப்பட வேண்டாம். இந்த அறிகுறிக்குப் பெரும்பாலும் காரணம் பெட்டிக்கு வெளியேதான் இருக்கும்.

கேட்கும்போது செற் சொற்ப மின்னோட்டத்தையே எடுக்கும். 25 வாற்றில் பேசும்போது 5 அம்பியருக்கு மேல் இழுக்கும். பியூஸ் தாங்கியிலோ பற்றரி முனையிலோ பச்சை பூத்து 0.5 ஓம் தடை ஏறியிருந்தால் 2.5 வோல்ற் அங்கேயே போய்விடும்; 12.4 வோல்ற் பற்றரியிலிருந்து செற்றுக்கு 9.9 தான் சேரும். பல செற்றுகளுக்கு 11.7 வோல்ற்றாவது வேண்டும். சும்மா இருக்கும்போது அளந்தால் மீற்றர் 12.4 காட்டி ஏமாற்றும். ஆகவே செற்றின் பின்பக்க வயரில், பேசிக்கொண்டே அளக்க வேண்டும். அதைச் சனல் 16இல் செய்யாதீர்கள். அது அவசர அழைப்புக்கானது. 1 வாற்றில் பேச முடிந்து 25இல் அணைந்தால் முதலில் இந்த வயர்ப் பாதையைத்தான் சந்தேகிக்க வேண்டும். முனைகளைச் சுரண்டி, தகரம் பூசிய செப்பு வயர் போட்டால் தீரும்.

அடுத்தது அன்டெனா கேபிள். இரு முனையையும் கழற்றி நடுக்கம்பிக்கும் வெளிவலைக்கும் இடையே மீற்றரால் பாருங்கள். தொடர்பு இருக்கவே கூடாது. அன்டெனாவைத் தனியே அளந்தால் சில வகைகளில் தொடர்பு காட்டும், அது பழுதல்ல. வெளிவலை கறுத்திருந்தால் உப்புநீர் உள்ளே ஏறிவிட்டது. பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டி, புதிய பி.எல்.259 முனையை ஈயத்தால் பற்றவைத்து, தன்னோடு தானே ஒட்டும் றப்பர் டேப் சுற்றுங்கள். மெல்லிய ஆர்.ஜி.58 கேபிள் 15 மீற்றர் ஓடினாலே ஏறத்தாழ அரைவாசி வலு கரைந்துவிடும். அன்டெனா இல்லாமல் பொத்தானை அழுத்தினால் வலுவைக் கூட்டும் பகுதி எரியக்கூடும்.

பெட்டியின் உள்ளே கை வைப்பது வேறு விசயம். அரிசிமணியிலும் சிறிய பாகங்கள். அவற்றை மாற்றினால் அலைவரிசையையும் வலுவையும் மீண்டும் சரிசெய்யச் சேவை மென்பொருளும் அளவைக் கருவியும் வேண்டும். திறந்து மூடிய பெட்டியில் நீர் புகாது என்பதற்கும் அழுத்தச் சோதனை இல்லாமல் உறுதி இல்லை. 417 என்று தொடங்கும் ஒன்பது இலக்க எம்.எம்.எஸ்.ஐ. எண்ணை (படகை வானொலியில் அடையாளம் காட்டும் எண்) பிழையாகப் பதிந்தாலும் பல செற்றுகளில் சேவை நிலையமே அழிக்க முடியும்.

கடல்நீர் உள்ளே போயிருந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டியுங்கள். மின்சாரம் இருந்தால் உப்புநீர் செப்புப் பாதைகளை வேகமாக அரிக்கும். செற்றைத் திருத்த அனுப்பும்போது, பேசுகையில் அளந்த வோல்ற்றையும் கேபிளில் பார்த்ததையும் துண்டில் எழுதி வையுங்கள். திருத்துபவர் நேராக உள்ளே தேடத் தொடங்கலாம்.