ஈரநில மானியம் கேட்கப் போகிறீர்களா? முதலில் மேட்ச் கணக்கைப் போடுங்கள்

அமெரிக்காவில் ஏதாவது நில அறக்கட்டளையிலோ பறவை பார்க்கும் குழுவிலோ இருக்கிறீர்கள், பக்கத்தில் வாத்தும் உள்ளானும் வந்து இறங்கிய சதுப்பு நிலம் இப்போது களை மண்டிக் கிடக்கிறது என்றால், யாரைக் கேட்டாலும் நாவ்காவுக்கு விண்ணப்பம் போடச் சொல்வார்கள். வட அமெரிக்க ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தைத்தான் அப்படிச் சுருக்கிச் சொல்கிறார்கள். 1986-இல் அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து நீர்ப்பறவைகளுக்காக ஒரு மேலாண்மைத் திட்டம் போட்டன. அதைச் செய்து முடிக்கப் பணம் வேண்டுமே என்று 1989-இல் இந்தச் சட்டம் வந்தது. மெக்சிகோ 1994-இல் திட்டத்தில் சேர்ந்துகொண்டது. நடத்துவது அமெரிக்க மீன் மற்றும் வனவுயிர்த் துறை.

பணம் வருடாவருடம் காங்கிரஸ் ஒதுக்குவது மட்டும் இல்லை. வலசைப் பறவைச் சட்டத்தை மீறியவர்கள் கட்டும் அபராதமும் இதற்குள் வருகிறது. 2010 மெக்சிகோ வளைகுடா எண்ணெய்க் கசிவு வழக்கில் பிபி நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது 10 கோடி டாலர் இந்த நிதிக்குத்தான் போனது. எனக்கு இந்தத் திட்டத்தில் ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான்.

மானியம் இரண்டு வகை: ஸ்மால், ஸ்டாண்டர்ட். ஸ்மால் என்பது அமெரிக்காவுக்குள் மட்டும், 2.5 லட்சம் டாலர் வரை. அதற்கு மேல் வேண்டுமென்றால் ஸ்டாண்டர்ட். முதல்முறை போகிறவர்கள் ஸ்மாலில் தொடங்குவதே நல்லது. இரண்டிலும் நிலம் வாங்கலாம், கெட்டுப்போன ஈரநிலத்தை மீட்கலாம், இருப்பதை மேம்படுத்தலாம், அதை ஒட்டிய மேட்டு நிலத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆராய்ச்சிக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கான விழிப்புணர்வு நிகழ்ச்சிக்கும் காசு கிடையாது. வேறோர் இடத்தில் ஈரநிலத்தை அழித்ததற்கு ஈடாகச் சட்டப்படி செய்தே ஆக வேண்டிய வேலையை இதில் நுழைக்கவும் முடியாது.

சரி, மேட்ச், அதாவது மானியத்துக்கு ஈடாக நீங்கள் காட்ட வேண்டிய பங்குப் பணம். நீங்கள் கேட்கும் ஒவ்வொரு டாலருக்கும் குறைந்தது ஒரு டாலர் உங்கள் தரப்பிலிருந்து வர வேண்டும், அதுவும் மத்திய அரசின் பணமாக இருக்கக் கூடாது. பலர் பறவைகளைப் பற்றி நாலு பக்கம் உருகி எழுதிவிட்டுக் கடைசியில்தான் இந்தப் பக்கம் வருகிறார்கள். அது தலைகீழ் வேலை. மாநில வனவுயிர்த் துறை பணம் தருகிறது என்று நிம்மதியாக இருக்காதீர்கள், அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். துப்பாக்கி, தோட்டா போன்றவற்றின் மீதான மத்திய வரியை மாநிலங்களுக்குப் பகிர்ந்து தரும் பிட்மன்-ராபர்ட்சன் சட்டத்தின் கீழ் வந்த பணம் மாநிலத்தின் கையில் இருந்தாலும் மத்தியப் பணம்தான், மேட்சாகாது. வாத்து வேட்டைக்காரர்கள் அனுமதிக்காக வாங்கும் வாத்து முத்திரையில், மாநில முத்திரை விற்ற காசு ஆகும், மத்திய வாத்து முத்திரைக் காசு ஆகாது. யாராவது நிலத்தையே நன்கொடையாகத் தருகிறார்கள் என்றால் அதன் மதிப்பைக் கணக்கில் காட்டலாம், ஆனால் முறையான மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். விண்ணப்பத்துக்கு முன்பே செலவான பணத்தையும் குறிப்பிட்ட கால வரம்புக்குள் இருந்தால் ஏற்பார்கள், ஆகவே பழைய ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். இன்னொரு மத்திய மானியத்துக்கு ஏற்கெனவே காட்டிய தொகையை இங்கே மறுபடி காட்டினால் சிக்கல்.

மேட்சைத் தேடிப் போனால் பெரும்பாலும் வேட்டைக்காரர்களிடம்தான் போய் நிற்பீர்கள். டக்ஸ் அன்லிமிடெட் போன்ற அமைப்புகள் வாத்து வேட்டைக்காரர்களின் பணத்தில் வளர்ந்தவை. பறவையைச் சுடுபவரிடமே பறவைக்குக் காசு கேட்பதா என்று நம்மில் சிலருக்கு உறுத்தும், ஆனால் இந்த நாட்டில் ஈரநிலம் பிழைத்திருப்பதில் அவர்களுடைய பங்கு பெரியது, கூச்சப்படாமல் கேளுங்கள்.

அடுத்து, உங்கள் பகுதியின் ஜாயிண்ட் வென்ச்சர் ஒருங்கிணைப்பாளரைப் பிடியுங்கள். கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கு, வடக்கே ப்ரெய்ரி பாட்ஹோல் எனப்படும் புல்வெளிக் குட்டைகள் நிறைந்த பகுதி, வளைகுடாக் கரை என்று ஒவ்வொரு பகுதிக்கும் இப்படி ஒரு கூட்டமைப்பு இருக்கிறது. எந்த நிலம் முன்னுரிமையில் இருக்கிறது, எந்த வரைவு தேறாது என்று அவர்களுக்குத் தெரியும். எந்த நீர்ப்பறவைக்கு என்ன பயன், வாத்து அல்லாத மற்ற வலசைப் பறவைகளுக்கு என்ன, அந்த வகை ஈரநிலம் அழிந்துவருகிறதா, பாதுகாப்பு எத்தனை காலம் நிற்கும், கூட்டாளிகள் யார் யார் என்றெல்லாம் பார்த்துத்தான் மதிப்பெண் போடுகிறார்கள். நிரந்தரப் பாதுகாப்புக்குக் கூடுதல் மதிப்பு.

விண்ணப்பம் மத்திய அரசின் மானியத் தளமான கிராண்ட்ஸ்.கவ் வழியாகப் போகும். அதற்கு முன் மத்திய அரசிடம் பணம் பெறுபவர்கள் பதிய வேண்டிய சாம்.கவ் தளத்தில் அமைப்பைப் பதிந்திருக்க வேண்டும், வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். சட்டப்பூர்வப் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் வாரக்கணக்கில் இழுக்கும், கடைசித் தேதி நெருங்கும்போது தொடங்காதீர்கள். பதிவு இலவசம். பதிந்து தருகிறோம், இவ்வளவு டாலர் அனுப்புங்கள் என்று அஞ்சல் வந்தால் குப்பையில் போடுங்கள்.

விண்ணப்பங்களை ஒன்பது பேர் கொண்ட கவுன்சில் பார்க்கும். தேர்வாகிவிட்டது என்றவுடன் பொக்லைனை இறக்கிவிடாதீர்கள். சுற்றுச்சூழல், அருகிவரும் உயிரினங்கள், தொல்லியல் ஆகிய சட்டங்களின்படி அனுமதி எல்லாம் முடிய வேண்டும். மானியத்தில் வாங்கிய நிலத்தை அப்புறம் நினைத்தபடி விற்கவும் முடியாது.

அமைப்பெல்லாம் இல்லை, சொந்த நிலத்தில் தண்ணீர் தேங்கும் தாழ்ந்த வயல் ஒன்றுதான் இருக்கிறது என்பவர்களுக்கு நாவ்கா சுமை அதிகம். அவர்கள் வேளாண் துறையின் இயற்கை வளப் பாதுகாப்புப் பிரிவான என்ஆர்சிஎஸ் அலுவலகத்தில் ஈரநில ஒதுக்கீட்டு உரிமை ஒப்பந்தம் (நிலத்தைப் பயன்படுத்தும் சில உரிமைகளை விட்டுக்கொடுத்துப் பணம் பெறும் ஒப்பந்தம்) பற்றிக் கேட்கலாம். நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும், நிரந்தர ஒப்பந்தமானால் நீங்கள் விட்டுக்கொடுக்கும் உரிமையின் முழு மதிப்பையும் தருவார்கள், மீட்புச் செலவில் 75 முதல் 100 சதவீதம் வரை அவர்களே ஏற்பார்கள். 30 ஆண்டு ஒப்பந்தமானால் இரண்டிலும் குறையும். ஆனால் பொதுவாக நிலம் உங்கள் கைக்கு வந்து 24 மாதம் ஆகியிருக்க வேண்டும், போன வருடம் வாங்கியவர்கள் கொஞ்சம் பொறுக்கத்தான் வேண்டும்.