டேலி: விமானி சொல்லும் ‘கண்டேன்’

கடையில் “கணக்கு டேலி ஆச்சா?” என்று கேட்கிறோமே, அந்த டேலிக்கும் போர் விமானி வானொலியில் சொல்லும் டேலிக்கும் உறவே இல்லை. கணக்கு டேலி லத்தீன் வேரிலிருந்து வந்தது, எண்ணிக்கைக்காக வெட்டுப்போட்ட குச்சியைக் குறித்தது. விமானியின் டேலியோ ‘டேலி ஹோ’ என்பதன் சுருக்கம். பிரெஞ்சு வேட்டைக்காரர்கள் மானைக் கண்டதும் நாய்களை ஏவிவிடப் போட்ட கூச்சல் ஆங்கிலேயரின் நரிவேட்டைக்குள் புகுந்து டேலி ஹோ ஆகி, 1940இல் பிரிட்டன் வான்போரில் ஜெர்மன் விமானங்களைக் கண்ட விமானிகளின் வாயில் அப்படியே வந்தது.

இன்று அதற்குப் பொருள், தேடிய விமானத்தைக் கண்ணாலேயே பார்த்துவிட்டேன் என்பது. ரேடாரில் தெரிந்தால் டேலி ஆகாது. கண்ணில் படவில்லை என்றால் ‘நோ ஜாய்’.

ஏன் இத்தனை சின்னச் சொல்? எதிரெதிரே தலா மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் வரும் 2 விமானங்களுக்கு இடையே நொடிக்கு 500 மீட்டர் குறைகிறது, 5 கிலோமீட்டரில் கண்டால் கையில் இருப்பது 10 நொடிதான். அதிலும் வெறும் நீல வானத்தில் பிடிமானம் இல்லாத கண் தொலைவில் குவியாமல் சில மீட்டரிலேயே நின்றுவிடும். மோதும் பாதையில் நேராக வரும் விமானம் விமானியின் முன்கண்ணாடியில் இடம் மாறாது, ஒரே புள்ளியாக இருந்து கடைசி நொடிகளில் சட்டென்று பெரிதாகும்.

சரி, கண்டாயிற்று. அது யாருடையது? 2008 ஜனவரியில் தாய்லாந்தின் கோ சமூய் தீவிலிருந்து அனுமதி பெற்ற பயணத் திட்டம் இல்லாமல் வந்த செஸ்னா 208 விமானத்தை நம் சிங்கப்பூர் ஆகாயப்படையின் எஃப்-16 விமானங்கள் இடைமறித்தன, சாங்கி விமான நிலையமும் சுமார் 50 நிமிடம் மூடப்பட்டது. அப்படியொரு விமானத்தை அருகில் போய்த்தான் அறிய முடியும்: உடலுக்கு மேலே இறக்கை, மூக்கில் ஒற்றைச் சுழலி, பக்கவாட்டில் பதிவெண். மெதுவாகப் பறப்பதன் பக்கத்தில் வேகமாகப் பறக்கவே செய்யப்பட்ட விமானத்தை ஓட்டிக்கொண்டு இதையெல்லாம் படிக்க வேண்டும்.

இந்த வேலைக்குப் பெயர் ‘விஷுவல் ஐடி’. ‘காட்சி அடையாளம்’ என்று எழுதினால் ஏதோ சின்னம் போல ஒலிக்கிறது, எனக்கு ஒப்பவில்லை. ‘கண்வழி இனங்காணல்’ என்பதே சரி, பார்ப்பதையும் பிரித்தறிவதையும் சேர்த்துச் சொல்கிறது. டேலிக்குக் ‘கண்டேன்’, நோ ஜாய்க்குக் ‘காணோம்’ போதும். அப்புறம், தன் அணி விமானத்தைக் கண்டால் விமானி டேலி சொல்வதில்லை, ‘விஷுவல்’ என்பார். நட்பும் பகையும் ஒரே சொல்லில் கலந்தால் உயிர் போகும். அதனால் தமிழிலும் அதைக் ‘கண்டேன்’ என்று ஆக்காமல் ‘நம்மவர் தெரிகிறார்’ என்று தனியாக வைக்க வேண்டும்.