முதலில் டிரான்சிஷன், அப்புறம் ஷூ, கடைசியில் பெடல்

சைக்கிள் ஃபிட்டிங்குக்கு, அதாவது சைக்கிளை உடலுக்கேற்பச் சரிசெய்ய, என்னிடம் வரும் டிரையத்லான்காரர்கள் பெரும்பாலும் கேட்பது, "எந்தப் பெடல் வாங்கலாம்?" என்பதுதான். நான் திருப்பி ஒன்று கேட்பேன்: "போட்டியில் சைக்கிள் ஏறும் நேரத்தில் ஷூ எங்கே இருக்கும்? உங்கள் காலிலா, பெடலிலா?" பலருக்கு இதற்குப் பதில் இருக்காது. யோசித்ததே இல்லை என்பார்கள். ஆனால் எந்த ஷூ, எந்தப் பெடல் என்பதை முடிவு செய்வதே இந்தக் கேள்விதான்.

டிரையத்லானில் ஒலிம்பிக் தூரப் போட்டி என்றால் 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். நடுவில் இரண்டு டிரான்சிஷன், அதாவது ஒன்றை முடித்து அடுத்ததற்கு மாறும் இடங்கள். அங்கேயும் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஓட்டத்தில் அரை நிமிடம் குறைக்க மாதக்கணக்கில் பயிற்சி எடுப்பவர், ஷூவின் பட்டையோடு மல்லுக்கட்டி அதே அரை நிமிடத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிடுகிறார்.

வழி இரண்டு. ஒன்று, ஸ்டாண்டு பக்கத்திலேயே ஷூவைப் போட்டுக்கொண்டு, சைக்கிளைத் தள்ளியபடி ஏறும் கோடு (அதைத் தாண்டிய பிறகே சைக்கிளில் ஏறலாம்) வரை ஓடுவது. இரண்டாவது, போட்டிக்கு முன்பே ஷூவைப் பெடலில் மாட்டி வைத்துவிட்டு, வெறுங்காலோடு ஓடி, கோட்டைத் தாண்டியதும் ஏறி, ஷூவின் மேல் கால் வைத்து மிதித்து, வேகம் பிடித்த பிறகு ஒவ்வொரு காலாக உள்ளே நுழைப்பது. நன்றாகப் பழகியவருக்கு இரண்டாவது வழிதான் வேகம். பழகாதவருக்கு அதுவே மெதுவான வழி, கூடவே ஆபத்தும். கோட்டைத் தாண்டிய முதல் இருநூறு மீட்டரில் குனிந்து ஷூவைத் தேடிக்கொண்டே அடுத்தவர் பாதையில் வளைந்து செல்பவர்களை எந்தப் போட்டியிலும் பார்க்கலாம்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஷூவை முன்கூட்டியே மாட்டிவிட்டால், பெடலில் க்ளீட் (ஷூவின் அடியில் இருந்து பெடலோடு பூட்டிக்கொள்ளும் துண்டு) சுலபமாக நுழைகிறதா, இருபக்கமும் மாட்டலாமா என்பதெல்லாம் போட்டி நாளில் பொருட்டே இல்லை. காலையிலேயே பொறுமையாகக் கையால் மாட்டியாகிவிட்டது. அங்கே பார்க்க வேண்டியது பிடிப்பின் இறுக்கத்தை. ஷூவுக்குள் குதிகாலை அழுத்தித் திணிக்கும்போது ஷூ திரும்பி, பெடலிலிருந்து கழன்று சாலையில் விழுவதை நிறையவே பார்த்திருக்கிறேன். புதிதாகப் பழகுபவர்கள் இறுக்கத்தை அடிமட்டத்தில் வைத்திருப்பார்கள். அது கீழே விழாமல் பழகுவதற்குச் சரி. ஷூவைப் பெடலில் விட்டுப் பழகத் தொடங்கியதும் அலன் கீயால் ஒவ்வொரு கிளிக்காக ஏற்றி, கால் நுழைக்கும்போது ஷூ அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள்.

இப்போது ஷூ. சாதாரண ரோடு ஷூவுக்கும் டிரையத்லான் ஷூவுக்கும் உள்ள வேறுபாடு வெறும் விளம்பரமா என்று கேட்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. டிரையத்லான் ஷூவில் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ அகலமான வெல்க்ரோ பட்டைகள்தான். மேல்பட்டை வெளிப்புறமாகத் திறக்கும். திறந்து தொங்கினாலும் கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) பக்கம் போய் உரசாது. குதிகாலில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வளையம். தண்ணீர் வடிய ஓட்டைகள், உள்ளே வெறுங்காலை உரசாத மென்மையான துணி. திருகி இறுக்கும் டயல் வைத்த ஷூ அழுத்தத்தைச் சீராகப் பரப்பும், நீண்ட தூரத்துக்கு நல்லது. ஆனால் ஓடும் சைக்கிளில் ஒரு கையால் டயலைத் திருப்புவதும், ஒரே இழுப்பில் பட்டையை ஒட்டுவதும் ஒன்றல்ல.

கடையில் உலர்ந்த காலில், சாக்ஸ் போட்டு, உட்கார்ந்தபடி போட்டுப் பார்த்து வாங்கிய ஷூ, போட்டியில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். வீட்டுக்கு வந்ததும் (திருப்பித் தரும் வாய்ப்பு இருக்கும்போதே) காலைத் தண்ணீரில் நனைத்து, நின்றபடி, ஒரு கையால் மட்டும் போட்டுப் பாருங்கள். ஈரக்கால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகாது, ஒட்டிக்கொள்ளும். சுண்டுவிரல் முதலில் நாக்குத் துணியின் ஓரத்தில் மாட்டும். அதை விடுவிக்கக் காலைப் பின்னால் இழுத்தால் நாக்கு முழுவதும் சுருண்டு உள்ளே போய்விடும். மேல்பட்டையைத் திறந்ததும் வாய் தானாக அகலமாக நிற்கும் ஷூவில் இந்தத் தொல்லை குறைவு. அப்புறம், கையை உள்ளே விட்டுச் சுண்டுவிரல் பக்கமும் குதிகால் விளிம்பிலும் தடவிப் பாருங்கள். விரலுக்குத் தட்டுப்படும் தையல், 40 கிலோமீட்டர் முடிவில் கொப்புளமாகும். அந்தக் கொப்புளத்தோடுதான் அடுத்து ஓட வேண்டும். ஷூவுக்குள் கொஞ்சம் டால்கம் பவுடர், உரசும் இடத்தில் வாசலின் என்பது பழைய வழிதான், இன்றும் பலிக்கிறது.

ஷூ சைக்கிள் நகரும்போது தலைகீழாகத் தொங்கித் தரையில் இடிக்காமல் இருக்க, கிராங்கைக் கிடைமட்டமாக வைத்து, குதிகால் வளையத்தில் மெல்லிய ரப்பர் பேண்ட் கோத்து ஃபிரேமிலோ பின்சக்கர அச்சின் நெம்புகோலிலோ மாட்டுவார்கள். முதல் மிதியில் அது அறுந்துவிட வேண்டும். கெட்டியான ரப்பர் பேண்ட் அறுவதற்குப் பதில் ஷூவைத்தான் பிடுங்கும். பெடலில் ஷூ மாட்டி வைக்க அனுமதி உண்டா என்பதைப் போட்டி விதிகளில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட் பட்டையைப் பூட்டாமல் ஸ்டாண்டிலிருந்து சைக்கிளை எடுத்தால் அபராதம், அது தனி.

ஷூவைக் காலில் போட்டே ஓடப்போகிறீர்கள் என்றால் பெடல் கணக்கு அப்படியே மாறும். மூன்று போல்ட் க்ளீட், அதாவது லுக் கியோ, ஷிமானோ எஸ்பிடி-எஸ்எல் வகை, அடிப்பாகத்தில் துருத்திக்கொண்டு நிற்கும். ஈரத் தரையில் அதோடு ஓடுவது வழுக்குப்பாறையில் ஓடுவது போலத்தான். பெடலில் ஒரு பக்கம் மட்டுமே மாட்டலாம். பெடலின் வால் கனத்து, முனை மேலே நோக்கித் தொங்கும், கால்விரல் பக்கத்தால் தட்டி மாட்ட வேண்டும். ஸ்பீட்பிளே என்ற பெடல் வகையில் இருபக்கமும் மாட்டலாம், ஆனால் பூட்டும் அமைப்பு க்ளீட்டில் இருப்பதால் மணல், சேறு அடைத்தால் சிக்கல். மலைச் சைக்கிள்களுக்கென 1990இல் வந்த ஷிமானோ எஸ்பிடியின் இரண்டு போல்ட் க்ளீட், அதற்கான ஷூவில் அடிப்பாகத்தின் உள்ளே பதிந்திருக்கும், பெரும்பாலான பெடல்களில் இருபக்கமும் மாட்டும். எடை கொஞ்சம் கூடும். டிரான்சிஷன் பகுதி நீளமாக, புல்லும் கல்லுமாக இருந்தால், முதல் சில போட்டிகளுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். தெரிந்தவர்கள் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும்.

வேகத்துக்காக முட்டியை அடகு வைக்கக் கூடாது. க்ளீட்டில் கால் பக்கவாட்டில் எவ்வளவு அசையலாம் என்பது நிறத்தில் தெரியும்: ஷிமானோவில் சிவப்பு 0 டிகிரி, நீலம் 2, மஞ்சள் 6; லுக் கியோவில் கறுப்பு 0, சாம்பல் 4.5, சிவப்பு 9. ஒரு நிறுவனத்தின் சிவப்பு அசையவே அசையாது, இன்னொன்றின் சிவப்புதான் அதிகம் அசையும். நிறத்தை மட்டும் நினைவில் வைத்துக் கடைக்குப் போய், பெடல் மாற்றிய வாரமே முட்டிவலியோடு வருபவர்கள் உண்டு. தொடங்குபவர்களுக்கு மஞ்சளோ சாம்பலோ போதும். க்ளீட்டைப் பெருவிரல் மூட்டுக்கும் சுண்டுவிரல் மூட்டுக்கும் இடையில் வைத்து ஆரம்பியுங்கள். சைக்கிள் இறங்கியதும் கெண்டைக்கால் இறுகிப்போகிறது என்பவர்களுக்கு நான் சில மில்லிமீட்டர் பின்னால் தள்ளிப் பார்ப்பேன். போல்ட்டை 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கினால் சரி.

நீண்ட தூரம், 180 கிலோமீட்டர் சைக்கிள் உள்ள போட்டி என்றால் நிதானமாக உட்கார்ந்து சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். வெயிலில் கால் வீங்கும், அதனால் பட்டையைத் தளர்த்த இடம் உள்ள ஷூவாக இருக்கட்டும். அங்கே சில விநாடிகளுக்கு மதிப்பே இல்லை.

ஓட்டம், சைக்கிள், மறுபடி ஓட்டம் என்று போகும் டூயத்லானில், அதுவும் சைக்கிள் தூரம் 20 கிலோமீட்டர் போலக் குறைவாக இருந்தால், ஓட்ட ஷூவையே கழற்றாமல் தட்டைப் பெடலில் மிதித்துவிடலாம். இரண்டு ஷூ மாற்றமும் மிச்சம். மிருதுவான அடிப்பாகத்தால் சக்தி கொஞ்சம் வீணாகும், பெடலின் குத்துமுனைகள் ஷூவைக் கடிக்கும். லாபமா நஷ்டமா என்பதை வீட்டுப் பக்கத்து சாலையில் அதே தூரத்தை இரண்டு விதமாகவும், ஷூ மாற்றும் நேரத்தையும் சேர்த்து, ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.