லண்டன் ஈஸ்ட் ஹாம்ல பழைய வீடு வாங்குறவங்களுக்கு: அந்த சிமென்ட்டை கொஞ்சம் கீழ வைங்க

போன மாசமும் அதே கதைதான். ஈஸ்ட் ஹாம்ல ஒரு தம்பி குடும்பம், ஃப்ரண்ட் ரூம் சுவர்ல முழங்கால் உயரத்துக்கு ஈரம், பெயின்ட் பொருக்கு பொருக்கா உரியுது, மூத்த பிள்ளைக்கு ராத்திரியெல்லாம் இருமல். "அண்ணே, போன வருஷம்தான் ஆள் கூப்பிட்டு சுவர்ல துளை போட்டு ஈரம் தடுக்கிற மருந்தை ஊசியா ஏத்தி சிமென்ட் பூசினோம், இருபது வருஷ கேரன்டி இருக்கு"ன்னு பேப்பரை எடுத்துக் காட்டுறார். இந்த வருஷம் மட்டும் இப்படி நான் பாக்குற ஏழாவது வீடு இது. வீடுகளைப் பரிசோதிக்கிற சர்வேயரா சுவர் சுவரா தட்டிப் பாத்துட்டு திரியுறவன் சொல்றேன், தயவுசெஞ்சு கேளுங்க.

நீங்க வாங்கின டெரஸ் வீடு, அதாவது வரிசையா ஒட்டி ஒட்டிக் கட்டின வீடு, யாருக்காக கட்டினது, அவங்க எப்படி வாழ்ந்தாங்கன்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க. பக்கத்துல பெக்டன் கேஸ் தொழிற்சாலை 1870ல வந்துச்சு, ராயல் ஆல்பர்ட் டாக்ங்கிற கப்பல் துறையை 1880ல திறந்தாங்க, ரயில் ஏறி சிட்டிக்குப் போற கிளார்க்குகளும் இந்தப் பக்கம் குடி வந்தாங்க. 1891ல சுமார் 33 ஆயிரம் பேர் இருந்த ஈஸ்ட் ஹாம்ல 1901ல சுமார் 96 ஆயிரம் பேர். பத்து வருஷத்துல தெருத் தெருவா எழும்பின வீடுங்க இதெல்லாம்.

இந்தத் தம்பி வீட்டோட 1911 சென்சஸ் பாரத்தை தேடி எடுத்துக் காட்டினேன். அந்த வருஷத்துலேர்ந்து குடும்பத் தலைவர் தன் கையால எழுதின தாளே அப்படியே இருக்கு. டாக்ல மூட்டை தூக்குறவர், மாடியில வாடகைக்கு இன்னொரு குடும்பம். கல்யாணமான பொம்பளைங்களுக்கு அதுல தனியா கேள்வி உண்டு: பிறந்த பிள்ளைங்க எத்தனை, இருக்கிறது எத்தனை, இறந்தது எத்தனை. அந்தம்மாவுக்கு 8, 5, 3ன்னு மையில எழுதியிருக்கு. தம்பியோட வீட்டுக்காரம்மா அந்த மூணு நம்பரையும் பாத்துட்டு ரொம்ப நேரம் பேசவே இல்ல.

அந்த மூட்டை தூக்குறவர் காலத்துல ஒவ்வொரு ரூம்லயும் கரி அடுப்பு எரிஞ்சுச்சு. நெருப்பு காத்தை இழுக்கும், ஜன்னல் இடுக்கு, தரைக்கு அடியில காத்து போக ஓட்டை வச்ச செங்கல் (ஏர் பிரிக்) எல்லா வழியாவும் காத்து ஓடிட்டே இருக்கும், சுவர் தானா காஞ்சுக்கும். 1952 டிசம்பர் புகைமூட்டம், அப்புறம் 1956 சுத்தக் காத்துச் சட்டம், அதுக்கப்புறம் கரி போச்சு, அடுப்புகளை அடைச்சாங்க, பின்னால வந்தவங்க ஜன்னலுக்கு ரெண்டு அடுக்கு கண்ணாடி (டபுள் கிளேஸிங்) போட்டாங்க, அதுக்கும் பின்னால வந்தவர் கார் நிறுத்த முன் தோட்டத்தை மேடாக்கி கான்கிரீட் போட்டு ஏர் பிரிக்கை மூடிட்டார். ஒவ்வொருத்தரும் நல்லதுன்னு நினைச்சுதான் செஞ்சாங்க, ஆனா எல்லாம் சேந்து வீட்டோட மூச்சை அடைச்சிருச்சு.

இங்கதான் எனக்கு கோபம் வர்ற விஷயம். "அண்ணே, தரையிலேர்ந்து தண்ணி ஏறுது, சிமென்ட் போட்டா நின்னுரும்." நிக்காதுங்க! 1875 பொதுச் சுகாதாரச் சட்டத்தை ஒட்டி வந்த விதிகளுக்கு அப்புறம் கட்டின வீட்டுல பெரும்பாலும் சுவருக்கு அடியில ஈரம் தடுக்க ஸ்லேட் கல் அடுக்கு ஏற்கனவே இருக்கும். அதுக்கு மேல மண்ணையும் கான்கிரீட்டையும் ஏத்தி வச்சா அது என்ன பண்ணும்? வெளியில போய் செங்கலைப் பாருங்க, நீளமா ஒண்ணு குட்டையா ஒண்ணுன்னு மாறி மாறி வந்தா அது ஒம்பது இன்ச் முழுச் சுவர், நடுவுல இடைவெளி கிடையாது, சுண்ணாம்புக் காரையில கட்டினது. நம்ம ஊர் பழைய வீடு மாதிரிதான், ஈரத்தை வாங்கும், வெளியில விடும். அது மேல சிமென்ட் பூசினா ஈரம் உள்ள மாட்டிக்கும், வெளிய வர வழியில்லாம பக்கவாட்டுல போய் தரைப் பலகைக்கு கீழ இருக்கிற மரக்கட்டையை உளுத்துப்போக வைக்கும்.

அப்புறம் ஈரம் அளக்கன்னு கொண்டு வர்ற அந்த ரெண்டு ஊசி வச்ச மீட்டர். அது மரத்துக்காக செஞ்சது. செங்கல்ல குத்தினா வர்ற நம்பர் ஈரத்தோட சதவீதமே இல்ல, சுவர்ல உப்பு இருந்தாலும் கத்தும். கரிப்புகை ஏறின சிம்னி சுவர்ல உப்பு இல்லாம எப்படி இருக்கும்? ஊசி போடுற கம்பெனிக்காரரே ஃப்ரீயா வந்து பாத்துச் சொல்றார்னா நம்பாதீங்க, எதையும் விக்காத ஆள்கிட்ட காசு குடுத்துப் பாருங்க.

வெளித்தரையை அந்த ஸ்லேட் அடுக்குக்கு 150 மில்லிமீட்டர் கீழ இறக்குங்க. ஏர் பிரிக்கைத் திறங்க. அடைச்ச அடுப்புல காத்து போக ஒரு சின்ன வென்ட் வைங்க. ரூமைச் சூடாக்குற ரேடியேட்டர்ல துணி காயப்போடாதீங்க. பழைய பெயின்ட்டை உலர்வா தேய்க்கவே தேய்க்காதீங்க, உள்ள ஈயம் இருக்கும், சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீடு. இடம் வேணும்னு கீழ் ரூம் சிம்னியை மட்டும் உடைச்சிட்டு மேல டன் கணக்குல செங்கலைத் தொங்க விட்டிருக்கிற வீட்டை ரெண்டு தடவை பாத்துட்டேன், அதுக்கு கட்டட விதிப்படி அனுமதி வேணும், பக்கத்து வீட்டுக்கு பொதுச் சுவர் பத்தின 1996 பார்ட்டி வால் சட்டப்படி ரெண்டு மாசம் முன்னாடி நோட்டீஸும் குடுக்கணும்.

வீட்டோட கதையைத் தேடணும்னா 1921 வரைக்கும் சென்சஸ் கிடைக்கும். 1931ஓடது 1942ல தீயில போச்சு, 1941ல போர்னால எடுக்கவே இல்ல, அதனால போர் தொடங்கினப்போ எல்லார் பேரையும் எழுதி வச்ச 1939 பதிவேட்டைப் பாருங்க. தெரு நம்பர் மாறியிருக்கலாம், அதையும் கவனிங்க.

தம்பி வீட்டுல சிமென்ட்டைத் தட்டி எடுத்தாச்சு. உள்ள செங்கல் கையில மாவா உதிருது. ஒரு இன்ச் சுவர் காய ஒரு மாசம்னு எங்க தொழில்ல ஒரு கணக்கு, இது ஒம்பது இன்ச். அதுவரைக்கும் பிள்ளைங்களை பின் ரூம்ல படுக்க வைங்க, பெயின்ட் டப்பாவைத் தொடாதீங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.